நாலு பேருக்கு மட்டும்

எங்கள் மெஸ்ஸை மூடச் சொல்லி ஏட்டையா வந்து நின்றபோது அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இனிமே யாரும் உக்காந்து சாப்பிடக் கூடாது. ஷட்டரை இறக்குங்க."

முந்தின நாள் வரை அவரே எங்களிடம் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். ஊர் உலகமெல்லாம் நோய்க்கு நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ, "அப்ப சாம்பாரை என்ன செய்ய?" என்றுதான் கேட்கத் தோன்றியது. அவர் சற்று யோசித்தார். "எனக்கு ஒரு பார்சல் கட்டுங்க. பெறகு இறக்குங்க" என்றார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் மெஸ். கீழே மெஸ், மேலே வீடு. 'வீட்டுச் சாப்பாடு' என்று மாமனார் காலத்தில் எழுதி மாட்டிய பலகை வாசலில் தொங்கும். மத்தியானம் நூறு இலை விழும். கோர்ட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், லாட்ஜில் தங்கியிருக்கும் தனி ஆட்கள், வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர்கள் என்று எல்லாரும் உண்டு. கை கழுவிவிட்டுப் போகும்போது, "வீட்ல சாப்பிட்ட மாதிரியே இருந்துச்சுக்கா" என்பார்கள். நானும் தலையை ஆட்டிக்கொள்வேன்.

உண்மை என்னவென்றால், வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் நான் சமைத்ததே இல்லை.

சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. விடிவதற்குள் மல்லிகை பறிக்கப் போய்விடுவேன். வந்தால் பள்ளிக்கூடம். அடுப்படியை அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்ததும் வராததுமாக என்னை மெஸ் அடுப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட குழம்பே நூறு பேருக்கான குழம்புதான். உப்பென்றால் இரண்டு கை, மிளகாய்த்தூள் என்றால் ஒரு சொம்பு, புளி என்றால் ஒரு தேங்காய் அளவு. குடும்பமும் அதிலேயே சாப்பிட்டு வளர்ந்தது. மாடியில் சமையலறை என்று ஒன்று இருந்தது. அதில் வெங்காய மூட்டைகளும் ஓட்டாத சைக்கிளும் காபி போட ஓர் ஒற்றை அடுப்பும் இருந்தன.

பஸ்ஸெல்லாம் நிற்பதற்குச் சற்று முன்னால் பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் ஒட்டன்சத்திரத்துப் பிள்ளை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசும்.

"இனி தெனமும் உங்க கைச் சாப்பாடுங்க அத்தை. எங்கம்மாகிட்டச் சொன்னேன், அவங்களுக்கே பொறாமைங்க."

எனக்குத் தலை கால் புரியவில்லை. "அதுக்கென்ன தாயி, நூறு பேருக்குப் பொங்கிப் போடுறவளுக்கு நாலு பேரு எம்மாத்திரம்?" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பின்னாளில் என் கணவர் எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருப்பார் என்று எனக்கே கணக்கில்லை.

மறுநாள் காலை, மருமகள் சீராகக் கொண்டுவந்த அடுப்பையும் குக்கரையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தோம். கணவர் வெங்காய மூட்டைகளை நகர்த்திக் கொடுத்தார். கூடமாட உதவ வந்த மருமகளை, "நீ போய்ச் செத்த நேரம் உக்காரு தாயி" என்று அனுப்பிவிட்டேன்.

அரிசியிலேயே ஆரம்பித்தது சனியன். மெஸ்ஸில் அரிசியை யார் அளந்தார்கள்? சிப்பத்தைப் பிரித்துக் கொட்டுவோம். ஒரு கை அள்ளிப் பாத்திரத்தில் போட்டேன். பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னொரு கை போட்டேன், அப்போதும் மனசு கேட்கவில்லை. இப்படிப் போட்டுப் போட்டுக் கடைசியில் குக்கர் மூடி மூட மறுத்தது. பாதியை வெளியே எடுத்தேன். அடுத்தது உப்பு. இரண்டு கை உப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டு ஒரு சிட்டிகை எடுத்தேன். எறும்புக்கு வைத்தது போலிருந்தது. கூட ஒரு சிட்டிகை. பருப்பு வேகும்போது சந்தேகம் வந்து இன்னும் ஒன்று. தாளிக்க மெஸ் கரண்டியால்தான் எண்ணெய் ஊற்றினேன், என் கைக்கு வேறு கரண்டி பழக்கமில்லை. அதில் சாம்பார் மொத்தமும் மிதந்தது.

ரசத்தை நுரை கட்டியதும் இறக்க வேண்டும். மெஸ்ஸில் அது நுரை கட்டுவதற்குள் நான் நாலு வேலை பார்த்து முடிப்பேன். இங்கே ஒரு வெங்காயத்தை உரித்துவிட்டுத் திரும்பினால் ரசம் துவையலாகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது. நான் வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன். "என்ன?" என்றார் கணவர். "கீழ ஏதோ வண்டிச் சத்தம் கேட்டுச்சு" என்றேன். ஊரடங்கில் சந்தில் நாய்கூட நடக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, ஒடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கேட்டான். மருமகள் இலையில் விழுந்த அத்தனையையும் சாப்பிட்டு, சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "எங்கூட்டுச் சமையல் வேற மாதிரிங்க. இது இந்தப் பக்கத்து ருசிங்களாட்ட இருக்குது" என்றாள். கணவர் எழுந்து போய்க் கை கழுவினார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாக, "கீழ அந்தப் பலகையைக் கழட்டிருவமா?" என்றார்.

அடுத்தடுத்த நாள்களும் அப்படித்தான் போயின. ஒரு நாள் உப்பே இல்லை, மறுநாள் உப்பைத் தவிர எதுவும் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் மெஸ் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இருப்பதிலேயே சின்னக் குண்டானை எடுத்தேன். நல்ல நாள் பெரிய நாளில் பாயசம் வைப்பது அதில்தான். முப்பது பேருக்குக் காணும். பெரிய அடுப்பு 'குப்'பென்று பற்றியதும் என் கை எனக்கே திரும்பி வந்துவிட்டது. பருப்பு தானாக வெந்தது, புளி தானாகக் கரைந்தது. அளவு பார்க்கவும் இல்லை, ருசி பார்க்கவும் இல்லை.

அன்றைக்கு மருமகள் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். "இதுதாங்க அத்தை நான் கேள்விப்பட்டது" என்றபோது அவள் குரல் தழுதழுத்தது. பசிதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் நாலு பேர் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? இரவும் அதே சாம்பார், மறுநாள் காலையும் அதே சாம்பார். ஃபிரிட்ஜில் பால் பாக்கெட் வைக்க இடமில்லை. சோற்றைக் கீழே கொட்ட எனக்கு மனசு வராது. கணவர்தான், "டைப்பிஸ்ட் சார் என்ன சாப்பிடுறாரோ?" என்றார்.

டைப்பிஸ்ட் சார் கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் மெஷின் போட்டு மனு அடித்துக் கொடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்தெரு லாட்ஜில் மாத வாடகைக்கு இருந்தார். வருஷக் கணக்காக எங்கள் மெஸ்ஸில் மூலை மேஜையில்தான் சாப்பாடு. என்றைக்கும் ஒரு குறை சொல்லாமல் இலையை மூடியதில்லை. போன் போட்டதும் தூக்குவாளியோடு வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்றார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் உள்ளே போயிருந்தன. பன்னும் வாழைப்பழமுமாக நாளை ஓட்டியிருக்கிறார். மறுநாள் காலி வாளியோடு வந்து முதலில் சொன்னது, "ரசத்துல மொளகு கூட." அதற்கடுத்து, "லாட்ஜுல இன்னும் அஞ்சாறு பேரு மாட்டிக்கிட்டுக் கெடக்காங்கம்மா. மிச்சம் இருந்தா..." என்று இழுத்தார்.

மிச்சமா? குண்டானில் முக்கால்வாசி மிச்சம்தான். அள்ளி அள்ளிக் கொடுத்தேன். மனதுக்குள் இருந்ததெல்லாம் ஃபிரிட்ஜ் காலியாகிறது என்ற நிம்மதிதான். லாட்ஜ்காரர்கள் வந்தார்கள். ஊருக்குப் போக முடியாமல் நின்றுபோன கண்டக்டர் ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள். குண்டான் சரியாகக் காலியானது. நானும் தினமும் அதையே அடுப்பில் ஏற்றினேன்.

வந்தவர்களில் யாரோ ஒருவர் நான் கரண்டியோடு நிற்பதைப் போனில் படம் பிடித்துவிட்டார். 'திண்டுக்கல்லின் அன்னபூரணித் தாய்' என்று எழுதி, கைகூப்பும் படங்கள் வரிசையாகப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். அது ஊரெல்லாம் சுற்றி என் அண்ணனுக்கும் போயிருக்கிறது. சாணார்பட்டியிலிருந்து போன் வந்தது.

"ஏத்தா, நீ எப்ப இம்புட்டு நல்லவளா மாறுன? சின்னப் புள்ளையில ஒரு முறுக்கைக்கூட எனக்குப் பிச்சுக் குடுத்ததில்லையே!"

"அதெல்லாம் இல்லண்ணே. எனக்குக் கொஞ்சமாச் சமைக்க வரல, அம்புட்டுத்தேன்."

"அடக்கத்தப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தெரு நலச் சங்கத் தலைவர், நாலைந்து பேருடன் சால்வையோடு வந்துவிட்டார். எல்லோருடைய முகக்கவசமும் தாடையில் தொங்கியது. ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். "அம்மா ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் தலைவர். இதோடு விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று நானும் துணிந்துவிட்டேன்.

"இந்தாருங்கய்யா, நான் தருமமெல்லாம் ஒண்ணும் செய்யல. எனக்குக் கம்மியாச் சமைக்கவே தெரியாது. அதேன் இப்புடி."

தலைவர் கண் கலங்கிவிட்டார். மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? கம்மியாச் சமைக்கவே தெரியாதாம்! எம்புட்டுப் பெரிய மனசு இருந்தா இந்த வார்த்தை வரும்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மருமகள் பின்னால் நின்றுகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். கணவர் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் தோள் குலுங்கியது.

சால்வைக்காரர்கள் போன பிறகு மருமகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க அத்தை, நெசமாலுமே உங்களுக்குச் சின்னதாச் சமைக்கத் தெரியாதுங்களா?"

"தெரியாது தாயி."

"அப்ப, மொத நாளு சாம்பாரு?"

"அது இந்தப் பக்கத்து ருசி இல்ல."

அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே எனக்குப் பாடம் ஆரம்பமானது. ஒரு டம்ளர் அரிசிக்கு இத்தனை டம்ளர் தண்ணீர், உப்பு இந்தச் சின்னக் கரண்டியில் இவ்வளவு, மூன்றாவது விசிலுக்கு அணைக்க வேண்டும், ஓடக் கூடாது. அவள் ஒன்றும் பெரிய சமையல்காரி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தபோது போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள்தான். ஆனால் கண்டிப்பான வாத்தியார். என் கை தானாக உப்பு டப்பாவுக்குள் போனால், "கரண்டிங்க அத்தை, கரண்டி" என்பாள்.

ஆக, மத்தியானம் கீழே தாயாகவும் இரவு மாடியில் மக்கு மாணவியாகவும் காலம் போனது. உப்புமா களியானது, வெண்டைக்காய் கரியானது. ஒரு நாள் இரவு பூண்டுக் குழம்பு வைத்தேன். நாலு பேருக்குக் கச்சிதமாக இருந்தது. கணவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஏ இந்தா, இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை. என் வாழ்க்கையில் குழம்பு தீர்ந்துபோனதற்காக நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

நாளையிலிருந்து குண்டானுக்கு வேலையில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பூசணிக்காய் மலை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விலை போகாத காயை வியாபாரி ஒருவர், 'அம்மாவுக்கு' என்று சொல்லி வேனில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அது போதாதென்று, பக்கத்துச் சந்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் ஒரு மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

"தங்கச்சி, கடை பூட்டிக் கெடக்கு. சீரகச் சம்பா சும்மா வண்டு புடிக்குது. வீட்ல பீவி என்னைய அடுக்களைப் பக்கமே விட மாட்டேங்கிறா. நீங்க செய்ற நல்ல காரியத்துல நமக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்."

இப்படிச் சொல்கிற மனுஷரிடம், "இல்லண்ணே, நான் நேத்து ராத்திரிதான் நாலு பேருக்குச் சமைக்கக் கத்துக்கிட்டேன்" என்று எப்படிச் சொல்வது? மூட்டையை வாங்கி உள்ளே வைத்தேன். அன்று சின்னக் குண்டான் போதவில்லை. அடுத்த அளவு குண்டானை இறக்கினேன். வாசலில் நிற்பவர்கள், "நல்லா இருக்கணும் தாயி" என்று வாழ்த்துவார்கள். உள்ளே தாயோ, "எந்த நேரத்துல அந்தப் பாயசக் குண்டானை எடுத்தேனோ" என்று பூசணிக்காயை வெட்டிக்கொண்டு புலம்புவாள்.

டைப்பிஸ்ட் சார் மட்டும் என்னை வாழ்த்தவே இல்லை. தினமும் ஒரு குறை. "பூசணிக்காயத் தவிர வேற வெஞ்சனமே கெடையாதா?" "சாம்பாரு தண்ணி." "என்னம்மா, ரசஞ்சோத்துல பிரியாணி வாசம் வருது?" ஒரு நாள் அடுப்பு வெக்கையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், ஊரே நல்லாருக்குன்னு வாங்கிட்டுப் போகுது. ஒங்களுக்கு மட்டும் எப்புடி சார் தெனம் ஒண்ணு கெடைக்குது?"

அவர் தூக்குவாளியை மூடியபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"தரும சோறா இருந்தா கொறை சொல்ல முடியாதும்மா. வாயை மூடிக்கிட்டுத்தேன் சாப்பிடணும். நான் ஒங்க கஸ்டமரு. அதேன் சொல்றேன்."

படியிறங்கிப் போய்விட்டார். கோர்ட் திறக்காததால் அவர் மெஷினைத் தொடாமல் எத்தனையோ நாளாக இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேர் போட்ட கும்பிடும், அந்தச் சால்வையும் உண்டாக்காத ஏதோ ஒன்று அந்த வார்த்தையில் உண்டானது. மறுநாள் அவருக்காகத் தனியாக வாழைக்காய் வறுத்து வைத்தேன். "காரம் பத்தல" என்றார். "நாளைக்குக் கூடப் போடுறேன் சார்" என்றேன்.

உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மறுபடி உத்தரவு வந்தபோது இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகியிருந்தது. மேஜைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்துத் திறந்தோம். முதல் நாள் நூறு இலைக்கு ஏற்பாடு செய்தேன். இருபது பேர்கூட வரவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் போனிலேயே வேலையை முடித்துக்கொண்டார்கள். லாட்ஜ் ஆட்கள் சிலர் கரண்ட் அடுப்பு வாங்கி, அறையிலேயே பொங்கப் பழகிவிட்டார்கள். நான் கற்றுக்கொண்ட அதே வித்தையைத்தானே அவர்களும் கற்றிருக்கிறார்கள், யாரைக் குறை சொல்ல?

வந்தவர்களோடும் ஒரு சங்கடம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். இரண்டாம் தடவை சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டார்கள். "அம்மா போடுறதே போதும்" என்று அரை வயிற்றோடு இலையை மூடினார்கள். தெய்வத்தின் கையால் ஒருமுறை வாங்கலாம், தினமும் மத்தியானம் போய் உட்கார முடியுமா? வியாபாரம் படுத்துவிட்டது. கடைசியில் கணவர் என்னை அடுப்படிக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தானே பரிமாறினார். ஊர் மெல்ல மெல்ல மறந்தது. ஒரு நாள் ஒரு கண்டக்டர், "என்னய்யா, அப்பளம் வைக்க மறந்துட்டீங்களா, இல்ல அதையும் மூடச் சொல்லிட்டாங்களா?" என்று சத்தம் போட்டபோதுதான் மெஸ் மறுபடி மெஸ்ஸானது.

மகனும் மருமகளும் பெங்களூருக்குத் திரும்பினார்கள். அடுத்த வருஷம் மறுபடி மூடினார்கள். அப்போது வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மருமகளுக்குப் போன் போட்டு, "நாலுல பாதி எப்புடித் தாயி?" என்று கேட்டேன். "பாதிதானுங்க அத்தை" என்றாள். டைப்பிஸ்ட் சார் அதற்குள் லாட்ஜைக் காலி செய்துவிட்டு, பாலசமுத்திரத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அங்கே சாப்பாடு எப்படி என்று போனில் கேட்டேன். "கொறை சொல்ல முடியல" என்றார். அவர் குரலில் சந்தோஷமே இல்லை.

இப்போது மத்தியானம் ஐம்பது அறுபது இலை விழுகிறது. அது போதும் என்று பழகிவிட்டோம். முன்பெல்லாம் வாரம் முழுக்கத் திறந்திருப்போம், இப்போது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு நான் மாடியிலும் சமைப்பதில்லை, கீழேயும் சமைப்பதில்லை. கணவரும் நானும் பாய் கடைக்குப் போய் பிரியாணி சாப்பிடுகிறோம். போன வாரம் நான் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி, உள்ளே அடுப்பில் பிரியாணித் தேக்சாவை எப்படித் தம் போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் கல்லாவிலிருந்து சத்தம் போட்டார்.

"தங்கச்சி, இலையப் பாத்துச் சாப்பிடுங்க. உள்ள நாங்க பாத்துக்கிறோம்."